மாப்பிள்ளை ஒளித்து வைத்த ஹீட்டர்

நவம்பர் 6

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். உங்கள் மகள் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். எனக்கும் இந்த ஊர் லிஃப்டுகளைச் சோதிக்கும் வேலை தொடங்கிவிட்டது.

இந்த ஒரு வாரத்தில் நான்கு முறை உங்களுக்குப் போன் செய்தேன். நான்கு முறையும் நான் "ஹலோ" சொன்னதும் வைத்துவிட்டீர்கள். ஐந்தாவது முறை உங்கள் மகளைப் பேசச் சொன்னேன். "என்னை நடுவுல இழுக்காதீங்க. ரெண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியும்தானே?" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாள். எனவே இக்கடிதம்.

விஷயம், உங்கள் ஹாலில் நான் விட்டுவந்த உப்புத்தண்ணீர் மீன்தொட்டி. லாரிக்காரர் ஏற்ற மறுத்ததால்தான் அதை உங்கள் தலையில் கட்ட வேண்டியதாயிற்று. கிளம்பிய அன்று நடந்த பேச்சில் (அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை) எதையும் விவரமாகச் சொல்ல முடியவில்லை. ஒரு வருடம்தான். கீழ்க்கண்டவற்றைத் தயவுசெய்து கடைப்பிடிக்கவும்.

ஒன்று. அது அறுபது லிட்டர் பிடிக்கிற சின்னத் தொட்டி. பெரிய தொட்டியில் சூடு ஏறவும் இறங்கவும் நேரம் எடுக்கும், நாம் சுதாரித்துக்கொள்ளலாம். சின்னத் தொட்டியில் அந்த அவகாசம் கிடையாது. தெர்மாமீட்டர் எப்போதும் இருபத்தாறு காட்ட வேண்டும்.

இரண்டு. ஹீட்டர் பாறைக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே தெரியாது. அதைத் தொட வேண்டாம்.

மூன்று. தண்ணீர் தினமும் கொஞ்சம் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த அளவுக்கு வடிகட்டிய வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

நான்கு. தொட்டிக்குள் கை விடும் முன்போ தண்ணீர் ஊற்றும் முன்போ ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கவும். வெளியே எடுப்பதென்றால் பிடுங்கி இருபது நிமிடம் கழித்து. ஆனால் இரண்டாவது விதிப்படி நீங்கள் அதைத் தொடவே போவதில்லை.

சுவர் விஷயமாக நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

நவம்பர் 12

மாப்பிள்ளைக்கு,

உங்ககூடப் பேச மாட்டேன்னு சொன்னேன். எழுத மாட்டேன்னு சொல்லலை. அதனால எழுதறேன்.

சுவர் விஷயமா உங்களுக்குச் சொல்ல ஒன்னும் இல்லைன்னா எனக்கு நிறைய இருக்கு. பெயிண்ட் அடிச்சு ஒரு வாரம் ஆகலை. வாசனைகூடப் போகலை. என்னை ஒரு வார்த்தை கேக்காம, நான் கடைக்குப் போயிருந்த நேரமாப் பாத்து, நடு ஹால்ல உளி வச்சுக் கொத்தி ஒரு ஸ்விட்சைப் பதிச்சிருக்கீங்க. கரண்ட் கசிஞ்சா தானா விழுந்துடும்னு சொன்னீங்க. கசிஞ்சா விழட்டும். இஸ்திரிப் பெட்டி போட்டா எதுக்கு விழணும்? சரியான முந்திரிக்கொட்டை ஸ்விட்ச். அதுக்குக் கீழே "ஈரக் கையால் தொடாதீர்கள்"னு ஒரு நோட்டீஸ் வேற. என் வீட்டுச் சுவர்ல எனக்கே நோட்டீஸ்.

கேட்டதுக்கு என்ன சொன்னீங்க? என் தங்கச்சி குடும்பம் மொத்தமும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது, "உங்க கையில விட்டா மீன் மட்டும் இல்ல அத்தை, வீடே மிஞ்சாது"ன்னு சொன்னீங்க. இருபத்தெட்டு வருஷம் குறைமாசக் குழந்தைங்க வார்டுல நர்ஸா இருந்தவ நான். எண்ணூறு கிராம் குழந்தையெல்லாம் இந்தக் கையிலதான் இருந்தது. எல்லாம் மிஞ்சிச்சு.

போகட்டும். இப்போ துக்கச் செய்தி. தொட்டியில சிவப்புக் கோடு போட்ட இறால் ஒன்னு இருந்ததே, மீன் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லு பாக்கிற மாதிரி நின்னுக்கிட்டு இருக்குமே, நான் கம்பவுண்டர்னு பேர் வச்சிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில இறந்துட்டாரு. கண்ணாடி மாதிரி வெளுத்துப்போய் மணல்ல சாஞ்சு கிடந்தாரு. பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் எடுத்தேன். தீப்பெட்டியில வச்சு ரோஜாத் தொட்டியில புதைச்சிட்டேன். என் பொறுப்புல வந்து பத்து நாள்ல ஒரு உயிர் போனது எனக்கும் வருத்தம்தான். நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும். சொல்லிடுங்க.

அத்தை

நவம்பர் 18

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் புதைத்தது சட்டை. இறால் வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடும். மீசை, கால் எல்லாம் அப்படியே அச்சாக இருக்கும். ஆள் உள்ளே எங்கேயாவது ஒளிந்திருப்பார். புது ஓடு கெட்டிப்படும்வரை அவருக்கு வெட்கம்.

நானும் முதல் தடவை அழுதிருக்கிறேன். இதை உங்கள் மகளிடம் சொல்ல வேண்டாம்.

தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று நீங்கள் எழுதவில்லை.

மாப்பிள்ளை

நவம்பர் 25

மாப்பிள்ளைக்கு,

கம்பவுண்டர் வந்துட்டாரு. ஒன்னுமே நடக்காத மாதிரி பாறை மேல உக்காந்து மீசையை ஆட்டிக்கிட்டு இருக்காரு. நான் தீப்பெட்டி தேடி, குழி தோண்டி, மாடி வீட்டு பஸ் டிரைவர் வேற வந்து துக்கம் விசாரிச்சிட்டுப் போனாரு. எல்லாம் ஒரு சட்டைக்கு.

தெர்மாமீட்டர் இருபத்தாறு. காலையில இருபத்தாறு, மத்தியானம் இருபத்தாறு, விளக்கு வைக்கிற நேரம் இருபத்தாறு.

ஆனா எனக்கு மனசு ஒப்பலை. இங்கே நல்ல குளிர் ஆரம்பிச்சிடுச்சு. அந்த ஆரஞ்சு மீன் ரெண்டும், கோமாளி மீன்னு சொல்வீங்களே, நான் பெரியவ, சின்னவன்னு கூப்பிடறேன், ரெண்டும் சரியா இல்லை. சாப்பாடு போட்டா முன்னாடியெல்லாம் பெரியவ ஓடிவந்து அவளுக்கு வேணும்கிறதை எடுத்துக்கிட்டு அப்புறம்தான் சின்னவனை விடுவா. இப்போ ரெண்டும் பாறைக்குப் பின்னாடி போய் ஒட்டிக்கிட்டு நிக்குது. அந்தக் கடல் சாமந்தியும் சுருங்கிப்போய் வாடின பூ மாதிரி இருக்கு. போன வாரம் நடுவுல இருந்தது. இன்னைக்குப் பாத்தா நாலு விரக்கடை தள்ளிப் பின்பக்கமா நகர்ந்திருக்கு. பூ நடக்குமா மாப்பிள்ளை? எனக்கு யாரும் சொல்லலை.

அத்தை

டிசம்பர் 1

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

சாமந்தி நடக்கும். பெயர்தான் பூ, அது பிராணி. இடம் பிடிக்கவில்லை என்றால் அடிப்பாதத்தால் நகர்ந்து போகும். அது நகர்வது நல்ல அறிகுறி இல்லை. ஹீட்டர் பக்கம் போய் ஒட்டிக்கொண்டால் வெந்துபோகும்.

மன்னிக்கவும், ஆனால் கேட்டே ஆக வேண்டும். ஜன்னலைத் திறந்து வைக்கிறீர்களா? சாப்பாடு அதிகம் போடுகிறீர்களா? தரை துடைக்கிற மருந்து வாசனை ஏதாவது தொட்டிப் பக்கம் போகிறதா? பழைய பழக்கத்தில் எல்லாவற்றையும் டெட்டால் போட்டுக் கழுவுகிறீர்கள் என்று உங்கள் மகள் சொல்கிறாள்.

ஹீட்டரில் குற்றம் இருக்க வாய்ப்பில்லை. நானே வைத்தது. தெர்மாமீட்டர் இருபத்தாறு காட்டுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு லிஃப்டில் எல்லாச் சோதனையும் சரியாக இருந்து, அப்படியும் ஆட்டம் இருந்தால், ஏறுகிறவர் குதிக்கிறார் என்று அர்த்தம்.

மாப்பிள்ளை

டிசம்பர் 8

மாப்பிள்ளைக்கு,

நான் லிஃப்டுல குதிக்கலை. தொட்டி முன்னாடி நாற்காலி போட்டு நாலு நாள் உக்காந்து பாத்தேன்.

எங்க வார்டுல ஒரு பழைய இன்குபேட்டர் இருந்தது. முள் எப்பவும் சரியான அளவைக் காட்டும். குழந்தை பாதத்தைத் தொட்டா ஐஸா இருக்கும். கடைசியில பாத்தா, சூடு வர்ற ஓட்டைக்குப் பக்கத்துலயே அளக்கிற கம்பியைச் சொருகி வச்சிருந்தாங்க. அது தன் மூச்சைத் தானே அளந்துக்கிட்டு "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்"னு சொல்லிக்கிட்டு இருந்தது.

இங்கேயும் அதே சந்தேகம் வந்தது. முதல்ல என் காய்ச்சல் பாக்கிற தெர்மாமீட்டரை விட்டுப் பாத்தேன். "Lo"ன்னு காட்டிச்சு. ஒரு நிமிஷம் எல்லாரும் போயிட்டாங்கன்னே நினைச்சிட்டேன். அப்புறம்தான் புத்தி வந்தது, அது மனுஷ உடம்புக்கு மட்டும்தான் கணக்குச் சொல்லும். ரிட்டயர் ஆன அன்னைக்கு வார்டுப் பிள்ளைங்க எனக்குக் குழந்தை குளிக்கிற தண்ணியைப் பாக்கிற வாத்து ஒன்னு கொடுத்தாங்க. மஞ்சள் வாத்து, வயித்துல நம்பர் எரியும். அதை வெந்நீர்ல மட்டும் கழுவி (டெட்டால் போடலை, என் மககிட்ட சொல்லுங்க) தொட்டியில மிதக்க விட்டேன். பெரியவ அதைப் பாத்து இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு ஓடினா. இந்த மாசத்துல அவ நீந்தி நான் பாத்தது அப்பதான்.

வாத்து முன்பக்கம் என்ன சொல்லிச்சு தெரியுமா? இருபத்திரண்டு. பின்னாடி பாறை ஓரமா நகர்த்தினேன். இருபத்தாறு.

டார்ச் அடிச்சுப் பாத்தேன். உங்க ஹீட்டர் பாறைக்குப் பின்னாடி மூலையில மணல் மேல படுத்துக்கிடக்கு. பாதி மணல்ல புதைஞ்சிருக்கு. தொட்டித் தண்ணியைச் சுத்த விடற மோட்டாரோட ஓட்டம் அந்த மூலைக்குப் போகவே இல்லை. ஒரு துளி சாப்பாட்டை அங்கே போட்டுப் பாத்தேன், போட்ட இடத்துலயே நிக்குது. ஹீட்டர் தன்னைச் சுத்தி இருக்கிற ஒரு சொம்புத் தண்ணியைச் சூடாக்கிட்டு, "வேலை முடிஞ்சது"ன்னு தானே அணைஞ்சு தூங்குது. நீங்க ஒட்டின தெர்மாமீட்டர் அதுக்குப் பக்கத்து வீடு. ஊரே குளிர்ல நடுங்கும்போது அடுப்பங்கரையில உக்காந்து அப்படி ஒன்னும் குளிரலையேன்னு சொல்ற ஆள் மாதிரி.

இதை வச்சது யாரு? நானா?

நேத்து பிளக்கைப் பிடுங்கி, இருபது நிமிஷம் பொறுத்து, ஹீட்டரை எடுத்துப் பக்கத்துக் கண்ணாடியில மோட்டார் தண்ணி அடிக்கிற இடத்துக்குக் கீழே படுக்கவசமா ஒட்டினேன். மணல் படலை, பாறை படலை. தெர்மாமீட்டரை எதிர்க்கோடிக்கு மாத்தினேன். ஒரே நாள்ல தூக்கிடாம தினம் ஒரு டிகிரியா ஏத்திக்கிட்டு வர்றேன். வாத்தும் தெர்மாமீட்டரும் இன்னைக்கு ஒரே நம்பர் சொல்லுது.

இரண்டாவது விதியை மீறிட்டேன். என்ன தண்டனைன்னு எழுதுங்க.

அத்தை

டிசம்பர் 13

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் மகள் சத்தமாகப் படித்தாள். வாத்து வரும் இடத்தை இரண்டு தடவை படித்தாள். எனக்கு அது அவசியமாகப் படவில்லை.

ஹீட்டரை மூலையில் வைத்ததற்குக் காரணம் இருந்தது. அது என்ன என்பது இப்போது முக்கியமில்லை. மீன்கள் தேறிவிட்டால் மகிழ்ச்சி.

ஆனால் நீங்கள் வைத்திருக்கும் இடத்தில், உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது ஹீட்டர்தான். அது மீன்தொட்டி மாதிரி இருக்காது, வெந்நீர் போடுகிற இடம் மாதிரி இருக்கும். இத்துடன் ஒரு படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். ஹீட்டரைப் பின் மூலையில், மோட்டாருக்குப் பக்கத்தில், நிமிர்த்தி நேராக நிறுத்தவும். நீரோட்டமும் கிடைக்கும், கண்ணிலும் படாது. அளவுகளை மில்லிமீட்டரில் குறித்திருக்கிறேன்.

மாப்பிள்ளை

டிசம்பர் 17

மாப்பிள்ளைக்கு,

உங்க படம்படியே நிமிர்த்தி நிறுத்தியாச்சு. தலை தண்ணி மட்டத்துக்குக் கீழே ஒரு விரல்தான் இருக்கு. இது போதுமான்னு எனக்குத் தெரியலை. நீங்க படிச்சவங்க, மில்லிமீட்டரெல்லாம் போட்டிருக்கீங்க.

சாமந்தி விரிஞ்சிருக்கு. பெரியவ அதுக்குள்ள புரண்டு புரண்டு படுக்கிறா. சின்னவன் வாசல்ல காவல் நிக்கிறான். உங்க ரெண்டு பேரையும் பாக்கிற மாதிரியே இருக்கு.

நாளைக்குத் தங்கச்சி வீட்டுக்கு அஞ்சு நாள் போறேன். மாடி டிரைவர் விளக்கு போட்டு, ஒரு சிட்டிகை சாப்பாடு போடுவாரு. தண்ணியில கை வைக்க வேண்டாம்னு சொல்லியிருக்கேன். தண்ணி ஊத்தறதை வந்து நானே பாத்துக்கறேன்.

அத்தை

டிசம்பர் 24

மாப்பிள்ளைக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதறேன். என் தப்பையும் சேர்த்து எழுதறேன்.

நேத்து மத்தியானம் வந்தேன். பெட்டியைக்கூடக் கீழே வைக்கலை, நேரா தொட்டிக்குத்தான் போனேன். அஞ்சு நாள்ல தண்ணி ரெண்டு விரக்கடை இறங்கியிருந்தது. ஹீட்டரோட தலை வெளியே நீட்டிக்கிட்டு இருந்தது. அதைப் பாத்தேன். பாத்தும் உறைக்கலை. ஐயோ, தண்ணி குறைஞ்சிடுச்சேங்கிற பதட்டம்தான் இருந்தது. ஒரு கையால மூடியைத் தூக்கிப் பிடிச்சு, விரல் நுனி தண்ணியில பட, இன்னொரு கையால ஜக்குத் தண்ணியை ஊத்தினேன். பிளக்கைப் பிடுங்கலை. இருபத்தெட்டு வருஷம் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன், முதல்ல பிளக், அப்புறம் கைன்னு. நேத்து எனக்கு யாரும் இல்லை திட்ட.

பச்சைத் தண்ணி சூட்டுக் கண்ணாடியில பட்டதும் டப்புன்னு ஒரு சத்தம். அதே நேரம் சுவர்ல டக்குன்னு இன்னொரு சத்தம். வீடே அணைஞ்சது. விரல்ல சுருக்குன்னு எறும்பு கடிச்ச மாதிரி இருந்தது, அவ்வளவுதான். தரையில உக்காந்துட்டேன். பயத்துல இல்லை. சரி, பயத்துலதான்.

ஹீட்டர் நீளவாக்குல விரிஞ்சிருந்தது. டிரைவர் வந்து பிளக்கைப் பிடுங்கி, கண்ணாடியை எடுத்துப் போட்டு, ஸ்விட்சைத் தூக்கி விட்டாரு. மோட்டாரும் விளக்கும் ஓடுது. ஹீட்டர் மட்டும் இல்லை. அவர் அடுத்த ஊர்க் கடைக்குச் சொல்லியிருக்காரு, நாளைக்குத்தான் வரும்.

அதுவரைக்கும் நான் வார்டை நடத்தறேன். தொட்டியைச் சுத்தி ரெண்டு கம்பளி சுத்தி, மேலே மட்டும் காத்துக்குத் திறந்து வச்சிருக்கேன். மூடி இறுக்கின பாட்டில்ல வெந்நீர் ஊத்தி மிதக்க விட்டு, ஆறினதும் மாத்தறேன். கொதிக்கிற தண்ணி இல்லை, கை பொறுக்கிற சூடுதான். கால் பாகம் தண்ணியை, உப்பும் சூடும் சரிபாத்து மாத்திட்டேன். வாத்து இருபத்தஞ்சு சொல்லுது. எல்லாரும் உயிரோட இருக்காங்க.

உங்க மேல கோபமா எழுதலாம்னுதான் பேனாவை எடுத்தேன். பாதியில மறந்துபோச்சு.

அத்தை

டிசம்பர் 29

அத்தை,

உங்க கடிதம் வந்தது. படிச்சிட்டு உடனே போன் பண்ணினேன். நீங்க எடுத்தீங்க. நான் ஹலோன்னுகூடச் சொல்லலை, ஆனா நான்தான்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. நீங்க வைக்கலை. "சொல்லுங்க மாப்பிள்ளை"ன்னீங்க. அதைக் கேட்டதும் நான்தான் வச்சேன். இந்தத் தடவை அந்த மரியாதை இல்லாத வேலையை நான் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க.

மீன் போனா போகட்டும் அத்தை. உங்க விரல் எப்படி இருக்கு? டாக்டர்கிட்ட காட்டினீங்களா? சுருக்குன்னு இருந்ததுன்னு எழுதியிருக்கீங்க, நெஞ்சு படபடப்பு இருந்ததா? உங்க மக அதைத்தான் திரும்பத் திரும்பக் கேக்கறா. முதல்ல அழுதா. அப்புறம் என்னைப் பாத்து, "மில்லிமீட்டர்ல குறிச்சீங்களே"ன்னா. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலை. இன்னும் பேசலை. நேத்துல இருந்து அவளும் எனக்கு எழுதித்தான் காட்டறா.

நான் ஏன் ஹீட்டரை மூலையில ஒளிச்சு வச்சேன்னு அப்போ சொல்லலை. போட்டோவுக்கு. தொட்டி வச்ச புதுசுல ஒரு போட்டோ எடுத்து ஆபீஸ்ல காட்டினேன். ஒருத்தன், "மீன் நல்லா இருக்கு, அந்தக் கறுப்புக் குச்சி என்ன?"ன்னு கேட்டான். அன்னைக்குச் சாயங்காலமே பாறைக்குப் பின்னாடி தள்ளிட்டேன். அதுக்கப்புறம் அங்கே தண்ணி ஓடுதான்னு ஒரு நாளும் பாக்கலை. தினமும் ஊரான் லிஃப்டுல கயிறு தேய்ஞ்சிருக்கா, பிரேக் பிடிக்குதான்னு எழுதி வாங்கற ஆள் நான். இந்த வருஷம் ஏழு கட்டடத்துக்கு அனுமதி தர மறுத்திருக்கேன். அதுல ஒன்னு, கண்ணாடி பளபளன்னு இருக்கணும்னு எச்சரிக்கைப் பலகையை மறைச்சு வச்சதுக்காக.

ரெண்டாவது தடவையும் அதேதான் பண்ணினேன். நிமிர்த்தி வச்சா தண்ணி குறையும்போது தலை வெளியே வரும்னு எனக்குத் தெரியும். தினமும் ஊத்துவீங்கன்னு நினைச்சு விட்டுட்டேன். அஞ்சு நாள் போறேன்னு நீங்க எழுதின கடிதம் நீங்க கிளம்பினதுக்கப்புறம்தான் என் கையில கிடைச்சது. அப்பவே ஒரு போன் பண்ணி அந்த டிரைவர்கிட்ட பிளக்கைப் பிடுங்கச் சொல்லியிருக்கலாம். நீங்க எடுக்க மாட்டீங்கன்னு ரோஷத்துல பண்ணலை. வீட்டுலயே இல்லாத ஆள் எப்படி எடுப்பாங்கன்னுகூட யோசிக்கலை.

உங்க கையில விட்டா வீடு மிஞ்சாதுன்னு சொன்னேன். உங்க தங்கச்சி வீட்டுக்காரர் எதிர்ல சொன்னேன். அவருக்கும் தனியா ஒரு கடிதம் எழுதியிருக்கேன்.

இனிமே ஹீட்டர் எங்கே இருக்கணும்னு நீங்க முடிவு பண்ணுங்க. நடு ஹால்ல வச்சாலும் சரி.

உங்க மாப்பிள்ளை

ஜனவரி 5

மாப்பிள்ளைக்கு,

விரல் நல்லா இருக்கு. நெஞ்சும் நல்லா இருக்கு, டாக்டர்கிட்ட காட்டிட்டேன். என் மகளைச் சாப்பிடச் சொல்லுங்க. உங்ககிட்ட பேசச் சொல்லித் தனியா எழுதியிருக்கேன்.

என் தங்கச்சி வீட்டுக்காரர் உங்க கடிதத்தை எடுத்துக்கிட்டு என்கிட்டயே வந்துட்டாரு. "உங்க மாப்பிள்ளை என்கிட்ட எதுக்கு மன்னிப்புக் கேக்கறாரு? அன்னைக்கு அவர் என்ன சொன்னாரு?"ன்னு கேக்கறாரு. மனுஷன் சாப்பிடும்போது காது கேக்காதுபோல. நான் ரெண்டு மாசமா அவர் மூஞ்சியைப் பாக்க வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன்.

புது ஹீட்டர் வந்துடுச்சு. கண்ணாடி இல்லை, உடையாத வகை. சுத்தி பிளாஸ்டிக் கூண்டு, சாமந்தி நடந்து வந்து சாஞ்சாலும் வேகாது. மோட்டார் தண்ணி அடிக்கிற இடத்துல, மணலுக்கு மேலே நாலு விரல் விட்டு, படுக்கவசமா வச்சிருக்கேன். தண்ணி பாதி போனாலும் அது முழுகித்தான் இருக்கும். ஒயரைக் கீழே தொங்கவிட்டு மேலே தூக்கிப் பிளக்குக்குக் கொண்டு போயிருக்கேன், வழியிற தண்ணி பிளக்குக்குப் போகாம நடுவுலயே சொட்டிடும். எல்லாம் கண்ணுக்கு நல்லாத் தெரியுது. அசிங்கமாத்தான் இருக்கு. வார்டுல எல்லா ஒயரும் வெளியேதான் இருக்கும். அழகா இருக்கட்டும்னு ஒளிச்சு வச்சா எது கழண்டதுன்னு எப்படித் தெரியும்?

ஒன்னு சொல்லணும். அந்த முந்திரிக்கொட்டை விழலைன்னா நான் இதை எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன். அதைச் சுத்திப் பேந்திருந்த இடத்தை நானே பூசி, பெயிண்ட் அடிச்சிட்டேன். இஸ்திரிப் பெட்டியை டிரைவர் பிரிச்சுப் பாத்தாரு, உள்ளே ஒயர் தோல் உரிஞ்சு கிடந்தது. அது சும்மா விழலை. இதை நான் ஒரு தடவைதான் சொல்லுவேன். கடிதத்தைப் பத்திரமா வச்சுக்கோங்க.

அத்தை

செப்டம்பர் 20

அத்தைக்கு,

இத்தனை மாசமா மீன் கதையே எழுதிக்கிட்டு இருந்தோம். இப்போ நிஜச் சேதி. உங்க மகளுக்கு இங்கே வேலை அக்டோபரோட முடியுது. திரும்பி வர்றோம். நம்ம ஊரோட வடகோடியில ஆறாவது மாடியில ஒரு வீடு பாத்திருக்கேன். லிஃப்ட் நல்ல லிஃப்ட்.

தொட்டியை அங்கே கொண்டு போறதுக்கு ஒரு திட்டம் போட்டிருக்கேன். தண்ணியை டப்பாக்கள்ல பிடிச்சு, மீனைத் தனித் தனிப் பையில போட்டு, பாறையை ஈரத் துணியில சுத்தி, மொத்தம் பதினாலு படி. அன்னைக்கு நீங்களும் கூட இருந்தா நல்லா இருக்கும்.

மாப்பிள்ளை

செப்டம்பர் 29

மாப்பிள்ளைக்கு,

பதினாலு படியும் படிச்சேன். ஒரு படிகூட நடக்காது.

பெரியவ முட்டை போட்டிருக்கா. பாறை மேல, சாமந்தி ஓரமா, ஆரஞ்சு நிறத்துல அம்பது அறுபது முட்டை. சின்னவன் சாப்பாடு தண்ணி இல்லாம அதுக்கு விசிறிக்கிட்டு நிக்கிறான். பெரியவ மேற்பார்வை. இந்த நேரத்துல பாறையைத் துணியில சுத்தறேன்னு யாராவது வந்தா நான் கதவையே திறக்க மாட்டேன். இதோட நிறுத்த மாட்டாங்களாம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போடுவாங்கன்னு கடைக்காரர் சொல்றாரு. அப்போ உங்களுக்குக் காலி நேரமே கிடைக்காது.

அதனால தொட்டி இங்கேதான் இருக்கும். நீங்க வந்து பாத்துக்கலாம்.

வடகோடியில இருந்து தினமும் வந்து பாக்கிறது சிரமம்னு எனக்கும் தெரியும். அதுக்கும் யோசிச்சிருக்கேன். எங்க எதிர் வீடு காலியாயிருக்கு. கீழ் வீடு, ரெண்டு ரூம், சமையலறையில நல்ல வெளிச்சம். லிஃப்ட் இல்லை, அது உங்களுக்குக் குறையா இருக்கலாம். வீட்டுக்காரம்மாகிட்ட "ஒரு சின்னக் குடும்பம் வருது"ன்னு மட்டும் சொல்லிச் சாவியை வாங்கி வச்சிருக்கேன். உங்களைக் கேக்காமத்தான் வாங்கினேன். பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுத்துடறேன், ஒன்னும் நினைச்சுக்க மாட்டேன்.

கொஞ்சம் நினைச்சுப்பேன்.

அத்தை

அக்டோபர் 27

அத்தை,

உங்க கடிதம் வந்த அன்னைக்கே உங்க மக சாமான் கட்ட ஆரம்பிச்சிட்டா. "ஆறாவது மாடி வீட்டுக்கு நீங்க மட்டும் போங்க"ன்னா. வடகோடி வீட்டுக்காரருக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்.

எதிர் வீட்டுல எர்த் கம்பி சரியா இறக்கியிருக்காங்களா? மெயின் போர்டு எந்தப் பக்கம்? பின்வாசல் கதவுத் தாழ்ப்பாள் உள்ளே இருந்து சட்டுன்னு திறக்குமா? மழை பெஞ்சா வாசல்ல தண்ணி நிக்குமா? அவ கேக்கச் சொன்னது ஒன்னே ஒன்னு: அங்கே ஜன்னல்கிட்ட நின்னா நீங்க தொட்டிப் பக்கத்துல உக்காந்திருக்கிறது தெரியுமா?

இதுக்கெல்லாம் பதில் எழுத வேண்டாம். கடிதம் உங்க கைக்கு வர நாலு நாள் ஆகும், நாங்க மூணாம் நாள் காலையில அங்கே இருப்போம். வந்து உங்ககிட்டயே கேட்டுக்கறேன்.

உங்க மாப்பிள்ளை